வெற்று அறை, ஒரு நிமிடம்

பிப்ரவரி 3, செவ்வாய்

மதிப்பிற்குரிய நாட்குறிப்பேட்டிற்கு வணக்கம். கடந்த பதினேழு நாட்களாக ஒரு வரியேனும் எழுதாது விட்டமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். பணிச்சுமை என்று காரணம் கூறலாம், அது மெய்யன்று. எழுதத்தக்கதாக எதுவும் நிகழவில்லை என்பதே மெய். இன்று நிகழ்ந்தது.

செவ்வாய்க்கிழமைகளில் மாலை ஆறு மணிக்கு மகள் தன் தந்தையை அழைப்பாள். அவர் கைபேசியை எடுத்துக்கொண்டு துணி உலர்த்தும் பால்கனிக்குச் சென்று கதவைச் சாத்திக்கொள்வார். நான் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரங்களையே மீண்டும் கழுவுவேன். ஒட்டுக்கேட்டேன் என்ற பழிச்சொல் எனக்கு வேண்டாம். அவள் என்னோடு பேசி இரண்டு ஆண்டுகளும் நான்கு மாதங்களும் ஆகின்றன. சண்டை என்று சொல்ல இயலாது. பிறந்தநாளுக்கு வாழ்த்து எழுதுகிறாள். மருந்து சாப்பிட்டாயா என்று எழுதுகிறாள். எழுத்தில் ஒரு குறையும் வைப்பதில்லை. குரல் மட்டும் இல்லை.

இன்று அவர் உள்ளே வந்து, ஈரக் கையோடு நின்ற என்னிடம் சொன்னார்: "உன் பொண்ணு வேலை பாக்கற ஸ்டூடியோவுல ஒரு மைக் இருக்காம். அதுல பதிவு பண்ணிட்டா போதும், அப்பறமா கம்ப்யூட்டர்ல எந்தப் பழைய மைக் மாதிரி வேணுமோ அந்த மாதிரி மாத்திக்கலாமாம். மிமிக்ரி பண்ற மைக்குன்னு வெச்சுக்கயேன். வரைபடம் இணையத்துலயே கெடைக்குதாம், நிறைய பேரு வீட்டுலயே செஞ்சுக்கறாங்களாம். 'அம்மாவா இருந்தா ஒரு வாரத்துல செஞ்சு முடிச்சிருப்பாங்க'ன்னா."

கடைசி வாக்கியத்தை மறுபடி சொல்லுமாறு கேட்டேன். சொன்னார். எந்தத் தொனியில் சொன்னாள் என்று கேட்டேன்.

"டீச்சரம்மா, நான் பஸ் ஓட்டறவன். தொனியெல்லாம் எனக்குத் தெரியாது. சிரிச்சுக்கிட்டே சொன்னா." என் ஏட்டுத் தமிழுக்காக அவர் எனக்கு வைத்த பெயர் டீச்சரம்மா.

அவளுக்கு இரண்டு சிரிப்புகள் உண்டு. ஒன்று மூக்கோடு நின்றுவிடும். மற்றது நின்று, மறந்து, மறுபடி தொடங்கும். எது என்று இவரிடம் எப்படிக் கேட்பது.

பிப்ரவரி 5, வியாழன்

எட்டாம் வகுப்போடு பள்ளி என்னை விட்டது. நான் படிப்பை விடவில்லை. செவித்துணைக் கருவிகளைப் பழுதுபார்க்கும் இந்த இருபத்திரண்டு ஆண்டுப் பணியை எனக்கு எவரும் கற்றுத் தரவில்லை. கையேடுகளை அகராதியோடு வைத்துப் படித்தேன், அவ்வளவே. ஆகவே ஒலிவாங்கியின் வரைபடம் என்னை அச்சுறுத்தவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஒலியைப் பிடிப்பது ஒரு சிறு வட்டு. அதன் முன்னும் பின்னும் இரு சவ்வுகள். தலைமுடியினும் மெல்லியவை, பொன் பூசியவை. ஏனைய ஒலிவாங்கிகளில் இரண்டும் ஒரே கம்பியில் கலந்து வெளியேறும். இதில் முன்சவ்வுக்கு ஒரு தடம், பின்சவ்வுக்கு ஒரு தடம். இரண்டும் தனித்தனியே கணினிக்குள் செல்லும். மென்பொருள் ஒன்றோடு மற்றதைக் கூட்டியும் கழித்தும் வேண்டிய பாவனையை உண்டாக்கிக்கொள்ளும். எனவே இவ்வகை ஒலிவாங்கிக்குச் சொந்தக் குணம் எதுவும் இருத்தலாகாது. கேட்டதைக் கேட்டபடியே கொடுக்க வேண்டும்.

இதை அவருக்கு விளக்கினேன்.

"சொந்தமா ஒண்ணும் சொல்லக் கூடாது, கேட்டதை மட்டும் கேட்டுக்கணும். அது இந்த வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே" என்று தன்னைத் தொட்டுக் காட்டிக்கொண்டார்.

பிப்ரவரி 7, சனி

பாகங்களுக்கு எழுதிப் போட்டாயிற்று. அவள் சொன்ன ஒரு வாரக் கணக்கு, பாகங்கள் கைக்கு வரும் நாளிலிருந்துதான் தொடங்கும்.

பிப்ரவரி 11, புதன்

முன்னாள் அச்சுக்கூடக்காரர் இன்றும் கடைக்கு வந்தார். நாற்பது ஆண்டுகள் இயந்திரங்களின் இரைச்சலில் நின்று செவியை இழந்தவர். கருவி பழுது என்பார், பழுது இராது, பேசுவதற்கு வருகிறார். என் மேசையெதிரே அமர்ந்து, கடை முழுதும் திரும்பிப் பார்க்கும் குரலில் கூறினார்: "காது மெஷின் சரியில்லம்மா. முன்னாடி நின்னு பேசினா கேக்குது. பின்னாடி நின்னு கூப்பிட்டா கேக்கல."

அது பழுதன்று, அமைப்பே அப்படித்தான் என்று விளக்கினேன். முகம் நோக்கியவர் பேசுவதை மட்டும் எடுத்துக்கொண்டு முதுகுப்புற இரைச்சலைத் தள்ளிவிடும். நாளொன்றுக்கு நால்வரிடமாவது இதைச் சொல்கிறேன்.

"அப்போ பின்னாடி நின்னு திட்டறவங்களுக்குக் கொண்டாட்டம்தான்" என்றார்.

"ஐயா, உங்களைத் திட்டுபவர்கள் எவரேனும் உளரோ?"

"நீ இப்படிப் பேசினா எனக்கு மெஷின் போட்டும் புரியலம்மா."

பிப்ரவரி 16, திங்கள்

வந்துவிட்டன. வட்டு, கண்ணாடிக் குடுவையில் வைத்த பூச்சிபோல் பஞ்சுக்குள் கிடக்கிறது. தொடவில்லை. மூச்சுக்கூட விடவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

இரு தடங்களுக்கும் இரு சுற்றுகள். இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்திருக்க வேண்டும். ஒரே வகையெனினும் எந்த இரு பாகங்களும் ஒன்றல்ல. இருபதை அளந்து, ஒத்த இணையைப் பொறுக்கினேன். ஈயம் பற்றவைப்பதில் எனக்குக் கை நடுங்குவதில்லை. கடையில் செய்யும் பணிகளோடு ஒப்பிட்டால் இவை யானைப் பாகங்கள்.

மகள் ஏழாம் வகுப்பில் இருந்தபோது இந்த மேசையின் மறுபுறம் அமர்ந்து பாடங்களை உரக்க வாசிப்பாள். நான் தலைநிமிராமலே திருத்துவேன். நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

உடலுக்குப் பழைய ஃபிளாஸ்க்கின் எஃகு உறை. தலைக்கு இரண்டு தேநீர் வடிகட்டிகளின் வலை, எதிரெதிரே கவிழ்த்து. இவ்வீட்டின் ஓட்டுநர் வடிகட்டிகளை நாள் முழுதும் தேடினார்.

"மைக்கு டீ போடுமா?"

ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் இருதுளைப் பெட்டி, மகள் விட்டுச் சென்றது, அவளது அறையில் இருந்தது. தூசு தட்டி எடுத்தேன். பெட்டியின் அடியில் அவள் கையெழுத்தில் ஒட்டியிருந்த தாள்: இதைத் தொடாதே. பத்து வயதில் ஒட்டியதன்று, இருபதில் ஒட்டியது. தொட்டேன்.

இரவு உணவிற்கு முன்பே முடிந்தது. பாகங்கள் வந்த நாளையும் சேர்த்து ஏழு நாட்கள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

"ஏழு நாளுன்னு சொல்லுங்க" என்று அவர் பால்கனிக்குப் போகும்போது சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. குழாயைத் திறந்தேன்.

வந்து சொன்னார்: "வாசிச்சு அனுப்பச் சொல்லு, கேட்டுப் பாக்கறேன்னா."

"என்னை வாசிச்சு அனுப்பச் சொன்னாளா, நீங்களா சொல்றீங்களா?"

"நடுவுல நின்னு நின்னு நான் என்ன டிராஃபிக் போலீஸா?" என்றார். அவர் கோபப்படுவது அரிது.

மார்ச் 1, ஞாயிறு

மென்பொருளின் வெள்ளோட்டப் பதிப்பு முப்பது நாட்களுக்கு இலவசம். நிறுவினேன். சமையலறை மேசையில் அமர்ந்து, செவித்துணைக் கருவியைப் பேணும் முறை என்ற கையேட்டின் முதற் பக்கத்தை வாசித்தேன். இரு தடங்களையும் அப்படியே அனுப்பினேன். கடிதம் மூன்று வரி. "இத்துடன் ஒலிக்கோப்பு இணைக்கப்பட்டுள்ளது. ஆய்ந்து கருத்துரைக்கவும். அம்மா."

'அம்மா' என்பதை எழுதி, அழித்து, எழுதினேன். வேறென்ன எழுதுவது.

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பதில் வந்திருந்தது. முகமன் இல்லை.

"கோப்பு கிடைத்தது. குறைகள்:

ஒன்று. மின்சார உறுமல். இரண்டு. இடையிடையே பொரிப்பு. மூன்று. பின்தடம் முன்தடத்தைவிடத் தாழ்வு. நான்கு. ஃப்ரிட்ஜ். ஐந்து. அறையில் எதிரொலி அதிகம். ஆறு. வாயருகே மிக நெருக்கம். ஏழு. தாளைப் புரட்டும் ஓசை. எட்டு. ஃப்ரிட்ஜ், மறுபடியும். ஒன்பது. முடித்தவுடன் நிறுத்தக் கூடாது. அதன்பின் ஒரு நிமிடம் வெற்று அறையை மட்டும் பதிவு செய்ய வேண்டும். அறையில் யாரும் பேசக் கூடாது. வெட்டாமல் அனுப்பவும்."

இந்த வடிவம் எனக்குத் தெரியும். எண்ணை எழுத்தில் எழுதி, புள்ளி வைத்து, காரணம் கூறாமல். என்னுடையது.

அவள் இருபத்தோராம் வயதில் வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்தாள். முதல் நாள், பிற்பகல் நகரச் செய்திகள், ஐந்து நிமிடம். நான் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, கையில் பென்சிலோடு கேட்டேன். பதினான்கு குறைகளை எழுதி, ஃப்ரிட்ஜின் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தேன். எங்கே மூச்சு வாங்கினாள், எங்கே விரைந்தாள், எந்த வாக்கியத்தின் கடைசியில் குரல் சரிந்தது. வீடு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று வாசித்தாள். மடித்தாள். "சரிம்மா" என்றாள். அடுத்த வாரம் ஒலிவாங்கியின் முன் செல்லவில்லை. கண்ணாடிக்கு அப்பால், பதிவுக் கருவிகளின் பக்கம் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஓராண்டுக்குப் பின் நாட்டை விட்டும் சென்றாள். விமான நிலையத்தில் என்னிடம் கையசைத்தாள். பேசவில்லை. நெரிசலில் கேட்காது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஒன்பது குறைகளை மூன்று முறை படித்துவிட்டேன். ஏழாவது நியாயமே இல்லை. தாளைப் புரட்டாமல் எப்படி வாசிப்பது?

நான் பதினான்கு எழுதினேன்.

மார்ச் 5, வியாழன்

உறுமலுக்குக் காரணம் வடிகட்டியின் மேற்பூச்சு. வலைக்கும் உறைக்கும் மின்தொடர்பே இல்லாமல் இருந்திருக்கிறது. சுரண்டினேன், நின்றது. பொரிப்புக்குக் காரணம் நான். ஆயிரம் மெகா ஓம் மின்தடையை விரலால் பிடித்திருக்கிறேன். விரலின் எண்ணெய்ப் பிசுக்கில் மின்சாரம் கசிந்து போகுமாம். இருபத்திரண்டு ஆண்டு அனுபவம். எரிசாராயத்தால் துடைத்து, இடுக்கியால் பிடித்து, மீண்டும் பற்றவைத்தேன்.

மார்ச் 7, சனி

ஐந்தாவது குறை: எதிரொலி. இவ்வீட்டில் எதிரொலிக்காத இடம் ஒன்றே. மகளின் அறை. அலமாரி நிறைய அவள் உடுத்தாத துணிகள். கதவைத் திறந்து வைத்தால் ஓசையை உண்டுவிடும். அலமாரிக்கு முதுகு காட்டி நாற்காலியைப் போட்டேன். எதிரே ஒலிவாங்கி, முகம் என்னை நோக்கி. அதன் முதுகு வாசற்கதவை நோக்கி.

கதவைத் திறந்தாலும் மூடினாலும் கிறீச்சிடுகிறது. எண்ணெய் விட வேண்டுமென நினைத்து, விடவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பிற்பகல் மூன்றரைக்குப் பதிவு. தாள்களைத் துணி உலர்த்தும் கவ்விகளால் கம்பியில் தொங்கவிட்டேன். ஏழாவது குறை தீர்ந்தது. வாசித்து முடித்து, பதிவை நிறுத்தாமல், வெற்று அறைக்காக ஓசையின்றி எழுந்து வாசலுக்கு வந்தேன். அங்கே அவர் நின்றிருந்தார். ஒலிவாங்கியின் முதுகுப்புறம்தானே, தாழ்ந்த குரலில் பேசினால் விழாது என்று நின்றபடியே பேசினோம்.

நான் சொன்ன ஒன்றை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுத மாட்டேன்.

மார்ச் 9, திங்கள்

மென்பொருளில், முன்புற ஓசையை மட்டும் எடுக்கும் ஒருபக்க ஒலிவாங்கியின் பாவனையை வைத்துக் கேட்டுப் பார்த்தேன். உறுமல் இல்லை. பொரிப்பு இல்லை. கடைசி நிமிடத்தில் தொலைவில் ஏதோ முணுமுணுப்பு, தெருவோசையாக இருக்கலாம். வெட்டாமல் அனுப்பச் சொன்னாள், வெட்டாமல் அனுப்பினேன்.

இம்முறை என் குரல் எனக்கே பிடித்திருந்தது. இதை எழுதக் கூச்சமாக உள்ளது.

மார்ச் 10, செவ்வாய்

அவர் பால்கனியில். நான் குழாயடியில். கோப்பைப் பற்றி அவள் எதுவும் கூறவில்லையாம். "கேட்டாளான்னு நீங்க கேக்கலயா?" என்றேன். "நீயே கேளேன்" என்றார்.

மார்ச் 12, வியாழன்

கடையில் ஒரு கருவியைப் பிரித்து வைத்திருந்தபோது வந்தது. படித்துவிட்டு அதைப் பிரித்தபடியே மூடி வைத்துவிட்டேன். அவள் எழுதியது, மாற்றாமல்:

"ரெண்டு தடமும் கேட்டேன். முன்பக்கம் குறை எதுவும் இல்ல. நெஜமாவே இல்ல. பின்பக்கத்துல, கதவுகிட்ட நீயும் அப்பாவும் பேசினது முழுசா இருக்கு. மென்பொருள்ல முன்னையும் பின்னையும் மாத்திப் போட்டேன், பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேக்குது. இந்த மைக்குக்கு முதுகே கிடையாதும்மா. ரெண்டும் முகந்தான். செஞ்சவளுக்குத் தெரியும்னு நெனச்சேன். அது என் ரூம்தானே. கதவு கிறீச்சுங்குது."

தெரியும். தெரியாதா எனக்கு? இரு தடங்களையும் என் கையால் பற்றவைத்தேன். ஒருபக்கப் பாவனையில் கேட்டபோது முதுகுப்புறம் மறைந்துபோனது; மறைந்ததை இல்லை என்று எடுத்துக்கொண்டேன். நாளொன்றுக்கு நால்வரிடம், முதுகுப்புறம் கேட்காது, முதுகுப்புறம் கேட்காது என்று ஒப்பித்த வாய். கணினியில் கேட்காவிட்டாலும் கோப்பில் அது முழுதாக இருக்கிறது. முழுதாக அனுப்பியும் விட்டேன். ஐயோ, என்ன செஞ்சுட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

இனி மறைக்க என்ன இருக்கிறது. அவள் கேட்டுவிட்டதை இந்த ஏடு மட்டும் அறியாதிருப்பது முறையன்று.

வாசலில் அவர் கேட்டார்: "முடிஞ்சுதா?"

"ஷ்... ஒரு நிமிஷம் ரூம் சும்மா இருக்கணும்."

"ரூம்தானே சும்மா இருக்கணும். நாம வாசல்ல நிக்கறோம்." சற்று நின்று, "இவ்வளவு பாடுபட்டு மைக்கு செய்யறதுக்கு, ஒரு போனைப் போட்டு 'எப்படி இருக்கே'ன்னு கேட்டா என்ன?" என்றார்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது? அந்தப் பதினாலும் பொய்ங்க. அவ நல்லாத்தான் வாசிச்சா. ரொம்ப நல்லா வாசிச்சா. எனக்குப் பொறுக்கல."

"பொறுக்கலன்னா?"

"இருபத்தோரு வயசுல நானும் அதே நிலையத்துக்குப் போனேன். உங்களைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி. வாசல்லயே நிறுத்தி சர்டிபிகேட் கேட்டாங்க. எட்டாவதுன்னு சொன்னதும் உள்ளயே விடல. ஒரு வரி வாசிக்க விடல. எம் பொண்ணு அதே கதவுக்குள்ள போயி, அவ்வளவு அழகா... எனக்கு வயித்தெரிச்சல். பெத்த பொண்ணு மேல வயித்தெரிச்சல்."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இப்ப நல்லா வாசிக்க வேணாம், ஒண்ணும் வேணாம். சளி புடிச்சு இருமினாக்கூடப் போதும். அவ சத்தம் காதுல விழணும்."

அவர் துண்டைத் திரும்ப வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "நிமிஷம் முடிஞ்சுதா பாரு" என்றார்.

மார்ச் 14, சனி

பதில் எழுதத் தொடங்கினேன். "நேர்ந்துவிட்ட பிழைக்கு" என்பது வரை வந்தது.

மார்ச் 16, திங்கள்

அச்சுக்கூடக்காரரின் கருவியில் மின்கலத்தைத் தலைகீழாகப் பொருத்திக் கொடுத்துவிட்டேன். போன சுவடு மறையுமுன் திரும்பி வந்தார். "இன்னைக்கு நெஜமாவே ரிப்பேரும்மா" என்றார், மிகுந்த மகிழ்ச்சியோடு.

மார்ச் 17, செவ்வாய்

ஆறு மணி. அவர் கைபேசியோடு பால்கனியில் நின்றிருந்தார். நான் இன்று குழாயைத் திறக்கவில்லை. மணி அடிக்கவில்லை. ஏழு மணிக்கு உலர்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார், அதற்காகவே போனவர்போல. சட்டைகளை மடித்தார். மடிக்கத் தெரியாதவர்.

"வேலை இருந்திருக்கும்" என்றார்.

"ஆமா" என்றேன்.

இத்தனை ஆண்டுகளில் ஒரு செவ்வாயும் தவறியதில்லை. எனக்கு இல்லாத குரல் அவருக்காவது இருந்தது. அதையும் என்னால் இழந்தார்.

மார்ச் 19, வியாழன்

கோப்பு ஒன்று வந்துள்ளது. அவளிடமிருந்து. சொல் எதுவும் இல்லை, கோப்பின் பெயர் மட்டும்: "என் அறை, ஒரு நிமிடம்."

கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, அவள் அறையில் அமர்ந்து, ஹெட்ஃபோனை மாட்டினேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். பென்சில் இல்லை.

வெற்று அறை. முதலில் ஒன்றுமில்லை என்றே தோன்றியது. பிறகு ஒவ்வொன்றாக வந்தன. வெந்நீர்க் குழாயில் ஒரு தட்டல். குளிர் ஊர் என்பதால் சுவரோரம் சூடேற்றும் குழாய் இருக்கும். கீழே தெருவில் ஒரு கனமான வண்டி, ஈரச் சாலையில். மாடிக்காரர் நாற்காலியை இழுக்கிறார். கடிகாரம் ஒன்று. அவள் எப்போது கடிகாரம் வாங்கினாள்? ஜன்னல் சிறியது என்று நினைக்கிறேன்; வெளியோசை மெல்லியதாகவே வருகிறது. தரையில் விரிப்பு உண்டு. சுவர்கள் நெருக்கம். அவள் வாழும் அறையை நான் பார்த்ததில்லை, இவர் பார்த்திருக்கிறார், படத்தில். நான் கேட்டதில்லை. இன்று அதற்குள் ஒரு நிமிடம் இருந்தேன்.

பதினோரு முறை இருந்தேன்.

இவை எல்லாவற்றின் அடியிலும், தொலைவில் ஏதோ முணுமுணுப்பு. தெருவோசையாக

மார்ச் 20, வெள்ளி

நேற்று அந்த வரியை முடிக்கவில்லை. முடிக்கும் முன்பே புரிந்துவிட்டது. கோப்பில் இரு தடங்கள் இருந்தன. மென்பொருளில் முன்னையும் பின்னையும் மாற்றினேன்.

அவள் குரல் தடித்திருக்கிறது. அல்லது சளி. இரண்டும்.

"அம்மா. சளி புடிச்சிருக்கு, முன்னாடியே சொல்லிடறேன், அப்பறம் குறையில சேர்க்காத." மூக்கைச் சிந்தினாள். இருமினாள். "செவ்வாக்கிழமை போன் பண்ணல. உன்கிட்டத்தான் முதல்ல பேசணும்னு இருந்தது, எப்படின்னு தெரியல. நீ ரேடியோவுக்குப் போன கதையை எனக்குச் சொன்னதே இல்ல. இவ்வளவு நாளா, நான் நல்லா இல்லன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்." நின்றாள். கடிகாரம் ஓடியது. "நான் அங்கேருந்து கெளம்பினது முழுக்க உன் லிஸ்ட்டால இல்லம்மா. பாதி அதான். இல்லன்னு சொல்ல மாட்டேன். மீதி, எனக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நெஜமாவே பிடிச்சிருந்தது. அன்னைக்கு என்ன வாசிக்கலாம்னு எடுத்துட்டுப் போனே? அதை வாசிச்சு அனுப்பு. உன் மைக்குல. அவ்வளவுதான். கெட்டில் கத்துது."

பிறகு சிரித்தாள். நின்றது. மறந்தது. மறுபடி தொடங்கியது; அங்கே கோப்பு முடிந்துவிட்டது.

அவரை அழைத்து ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். கேட்டுவிட்டு, "உன்கிட்டப் பேசறா" என்றார். ஏதோ ஓட்டுநர் தேர்வில் நான் தேறிவிட்டதுபோல் சொன்னார்.

பாதி. பாதியை என்ன செய்வது? திருத்த இயலாத பாதி. வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

மார்ச் 22, ஞாயிறு

காலை பத்து மணிக்குப் பதிவு செய்து அனுப்பினேன். உடன் அனுப்பிய கடிதத்தின் நகல் இது. "பேரன்புடைய மகளுக்கு, உன் ஒலிக்கோப்பு கிடைக்கப்பெற்று" என்று தொடங்கிய முதல் இரு தாள்களையும் கிழித்துவிட்டேன்.

"கண்ணு,

அன்னைக்கு நான் எடுத்துக்கிட்டுப் போனது வானிலை அறிக்கை. பேப்பர்ல வந்ததைப் பாத்து எழுதி, ஒரு மாசம் வாசிச்சுப் பழகினேன். கடலோரத்துல லேசான மழைன்னு ஆரம்பிக்கும். அதுக்கப்பறம் நெனவுல இல்ல, எவ்வளவு யோசிச்சும் வரல. அதனால இன்னைக்கு உன் ரூம் ஜன்னல்ல நின்னு வானத்தைப் பாத்து, புதுசா எழுதி வாசிச்சிருக்கேன். ரெண்டு எடத்துல தடுமாறிட்டேன். திருப்பி வாசிக்கல, வெட்டல. அப்படியே இருக்கு.

பின்பக்கம் அப்பா உக்காந்திருக்காரு. சும்மா இருங்கன்னு சொன்னேன், சும்மா இல்ல.

அந்தப் பாதிக்கு நான்தான் காரணம். அதுக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சதும் சொல்றேன்.

இங்க மழை இல்ல. காத்து இருக்கு, மேகம் கெழக்கால போகுது. அங்க எப்படின்னு எனக்குத் தெரியணும். சளி எப்படி இருக்குன்னும். எழுதாத, பேசி அனுப்பு. சீக்கிரம் அனுப்பு."